சிலாப்பும் சுவரும் சந்திக்கும் மூலை



மாரி காலத்து இரவொன்றை நினைத்துப் பாருங்கள். இஷாத் தொழுகையை முடித்து முஸல்லாவை மடித்து வைக்கிறீர்கள். பிள்ளைகள் உறங்கிவிட்டார்கள். வெளியே மழை கொட்டுகிறது. 'ஓட்டு வீட்டில் இருந்தபோது எத்தனை பாத்திரங்களை வைத்து அலைந்தோம், இப்போது சிலாப் வீடு, அல்ஹம்துலில்லாஹ்' என்று நிம்மதியோடு படுக்கப் போகிறீர்கள். அப்போதுதான் அறை மூலையிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். சற்று நேரத்தில் இன்னொன்று. விளக்கைப் போட்டுப் பார்த்தால், சுவரும் மேல்தட்டும் சந்திக்கும் இடத்தில் ஈரம் படர்ந்திருக்கிறது.

இந்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். ஓடு ஒழுகினால் ஓட்டை மாற்றலாம். சிலாப் ஒழுகினால் எதை மாற்றுவது? பலரும் இந்த இடத்தில்தான் தடுமாறி, ஆளுக்கொரு யோசனையைக் கேட்டு, பணத்தையும் மன அமைதியையும் இழக்கிறார்கள். ஆகவே, சிலாப் கூரையில் மழைநீர் எங்கே நுழைகிறது, அதைத் தடுக்க மேசன்மார் 'பிளாஷிங்' என்று சொல்லும் வேலையை எப்படிச் செய்விப்பது, செய்தபின் அதை எப்படிப் பராமரிப்பது என்பவற்றை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

'இதெல்லாம் ஆம்பிளைகளின் வேலை' என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நம் ஊர்களில் கணவர் சவூதியிலோ கத்தாரிலோ உழைத்து அனுப்பும் பணத்தை வைத்துக்கொண்டு, கல்லெண்ணி, சீமெந்து மூட்டை எண்ணி, மேசனுக்குத் தேநீர் ஊற்றி வீட்டைக் கட்டி முடிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். நமக்குத் தெரியாத ஒன்றை நம்மால் மேற்பார்வை செய்ய முடியாது.

ஒரு ராத்தாவின் கதை

கிழக்கில் கடலோர ஊரொன்றில் எனக்குத் தெரிந்த ஒரு ராத்தா இருக்கிறார். இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவளுக்குக் கீழ்வீடு, இளையவளுக்கு அதன் மேலே இன்னொரு வீடு என்பது திட்டம். காணி நெருக்கமான நமது ஊர்களில் இது வழக்கமான ஏற்பாடுதானே! கீழ்வீட்டுக்குச் சிலாப் போட்டு, மேல்வீட்டுக்கென்று தூண் கம்பிகளை நீட்டி விட்டு, கையிலிருந்த பணம் முடிந்ததால் வேலையை அத்தோடு நிறுத்தினார்.

முதல் மாரியில் அறை மூலையில் கை அகல ஈரம். அழைத்து வந்த மேசன் மேலே ஏறிப் பார்த்து, சிலாப்பின் நடுவில் இருந்த மெல்லிய வெடிப்பில் சீமெந்தைக் கரைத்து ஊற்றிவிட்டுப் போனார். அடுத்த வருடமும் ஒழுகியது. அப்போது வேறொருவர் வந்து தார் பூசினார். மூன்றாம் வருடம் ஈரத்தோடு வெள்ளைத் தூளும் செந்நிறக் கறையும் தெரிந்தன. "சிலாப் எண்டால் கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும் ராத்தா" என்று அவருக்கு ஆறுதல் வேறு சொல்லப்பட்டது.

நான்காம் வருடம் ஒரு பகல் வேளையில், மேல்தட்டின் பூச்சும் அதோடு சேர்ந்த கொங்கிறீட்டும் பெயர்ந்து கட்டிலின் மீது விழுந்தன. மூத்த மகளின் குழந்தையைத் தூங்கப் போடும் கட்டில் அது. அன்று குழந்தை தடுமல் காய்ச்சலென்று உம்மாவின் மடியிலேயே கிடந்தது. அல்லாஹ் காப்பாற்றினான்.

அதன் பிறகு வந்தவர் வயதில் மூத்த ஒரு மேசன். அவர் சிலாப்பின் நடுவைப் பார்க்கவே இல்லை. நேரே ஓரத்துக்குப் போய்க் குந்திக்கொண்டு, அரைச்சுவர் சிலாப்போடு சேரும் மூலையை உளியால் தட்டினார். பூச்சு கழன்று வந்தது. உள்ளே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. பின்பு தூண் கம்பிகளின் அடியைத் தட்டினார். அங்கும் அதே நிலைதான்.

"தங்கச்சி, நடுவில எத்தனை தரம் பூசினாலும் தண்ணி மூலையாலதான் வருது. பிளாஷிங் வைக்காத சிலாப் இது" என்றார்.

"காக்கா, இதை ஆரம்பத்திலயே ஒருத்தரும் சொல்லல்லியே" என்றார் ராத்தா.

"நீங்களும் கேக்கல்லியே, புள்ள."

அந்தப் பதிலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. ஆனாலும் அதுதான் இந்தக் கட்டுரையை எழுதக் காரணமாயிற்று.

தண்ணீர் ஏன் மூலையால் நுழைகிறது?

முதலில் ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் தண்ணீர். 1000 சதுர அடிச் சிலாப் ஏறக்குறைய 93 சதுர மீற்றர். அதன் மீது 50 மில்லிமீற்றர் மழை பெய்தால், கிட்டத்தட்ட 4,600 லீற்றர் தண்ணீர் விழுகிறது. நம் வீடுகளில் வைக்கும் ஆயிரம் லீற்றர் தாங்கிகள் நான்கரை நிறையும் அளவு! கிழக்கில் ஒரு நல்ல மாரி நாளில் இதைவிட அதிகமாகவும் பெய்யும். சாய்வான ஓட்டுக் கூரையில் இந்தத் தண்ணீர் உடனே ஓடிவிடும். சிலாப்பில் அது மெதுவாக நகரும், வழி கிடைக்காவிட்டால் நிற்கும், நிற்கும் தண்ணீர் ஓட்டையைத் தேடும்.

அந்த ஓட்டை பெரும்பாலும் மூலையில் இருப்பதற்குக் காரணம் வெயில். பகல் வெயிலில் சிலாப் சூடேறி விரிகிறது, இரவில் குளிர்ந்து சுருங்குகிறது. 30 அடி நீளமான சிலாப்பின் வெப்பம் 30 பாகை செல்சியஸ் கூடினால், அது இரண்டரை மில்லிமீற்றருக்குச் சற்று அதிகமாக நீளும். அதன் ஓரத்தில் எழுப்பிய கல்லுச்சுவர் அதே அளவில் அசைவதில்லை. ஒவ்வொரு நாளும் ஒன்று இழுக்க, மற்றது நிற்க, இரண்டும் சந்திக்கும் இடத்துச் சீமெந்துப் பூச்சு வெடிக்கிறது. காய்ந்த சீமெந்து வளைந்து கொடுக்காது. அதனால்தான் வெடிப்பில் மீண்டும் சீமெந்தையே பூசினால் அடுத்த வெயிலில் அது மீண்டும் வெடிக்கிறது.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். கீழே சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்பதில்லை. தண்ணீர் கொங்கிறீட்டுக்குள் இருக்கும் வெடிப்புகள் வழியே பல அடி தூரம் நடந்து போய்த்தான் கீழே இறங்கும்.

கசிவு நம் கண்ணுக்கு அழகுக் குறைவாக மட்டும் தெரிகிறது. உள்ளே நடப்பது வேறு. தண்ணீரும் கடற்காற்றின் உப்பும் சேர்ந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கின்றன. துருவானது இரும்பைவிடப் பல மடங்கு இடத்தைப் பிடிக்கும். அது உள்ளிருந்து தள்ளும்போது கொங்கிறீட் பிளந்து விழுகிறது. வெள்ளைத் தூள் தண்ணீர் கடந்து வருவதற்கு அடையாளம். செந்நிறக் கறை கம்பி அரிபடுவதற்கு அடையாளம். இரண்டாவதைக் கண்டால் ஒரு மாரியும் தாமதிக்கக் கூடாது.

பிளாஷிங் என்றால் என்ன?

நம் உம்மும்மாமார் கிடுகு வேய்ந்ததைப் பார்த்திருக்கிறீர்களா? கூரையின் கீழ்ப்பக்கத்திலிருந்து தொடங்கி, ஒரு வரிசைக்கு மேல் அடுத்த வரிசையை ஏற்றி ஏற்றிக் கட்டுவார்கள். மேலிருப்பது கீழிருப்பதைப் போர்த்தியிருக்கும். மழைத்துளி ஒரு கிடுகிலிருந்து அடுத்த கிடுகின் முதுகில் விழுமே தவிர, இடுக்கில் விழாது. பிளாஷிங்கின் சூத்திரமும் அவ்வளவுதான். சுவரால் வழியும் தண்ணீரைச் சிலாப்பின் மூலைக்குள் போக விடாமல், அதன் மேற்பரப்பில் கொண்டுபோய் விடுகின்ற போர்வைதான் பிளாஷிங்.

முறையான பிளாஷிங்கில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று கீழ்ப்போர்வை. இது சிலாப்பின் மேல் பூசும் நீர்த்தடுப்புப் பூச்சோ தார்ப் படலமோ மூலையில் நின்றுவிடாமல் சுவரின் மீதும் ஏறுவது. மற்றது மேல்போர்வை. இது சுவரில் வெட்டிய காடிக்குள்ளிருந்து புறப்பட்டு, கீழ்ப்போர்வையின் விளிம்பை மூடித் தொங்கும் தகடு. கீழ்ப்போர்வை சிலாப்போடு சேர்ந்தது. மேல்போர்வை சுவரோடு சேர்ந்தது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும், ஆனால் ஆணியடித்து இணைக்கப்பட மாட்டா. அப்போதுதான் சிலாப்பும் சுவரும் தத்தம் போக்கில் அசைந்தாலும் எதுவும் கிழியாது.

வேலை நடக்கும்போது கவனிக்க வேண்டியவை

1. சிலாப் காய்ந்திருக்க வேண்டும். புதிய கொங்கிறீட் என்றால் குறைந்தது 28 நாட்கள் கழியட்டும். காய்ந்துவிட்டதா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. ஒன்றரை அடிச் சதுரமான பொலித்தீன் துண்டின் நான்கு ஓரங்களையும் டேப்பினால் சிலாப்பில் ஒட்டி விடுங்கள். மறுநாள் பார்க்கும்போது பொலித்தீனின் அடியில் நீர்முத்துகள் இருந்தால் இன்னும் காயவில்லை. ஈரச் சிலாப்பின் மீது பூசும் எந்தப் பூச்சும் கொப்புளித்துக் கிளம்பும்.

2. சாய்வு இருக்க வேண்டும். தண்ணீர் போகும் வாயை நோக்கி 10 அடிக்கு ஒன்றரை அங்குலமாவது இறக்கம் தேவை. சிலாப் மட்டமாக இருந்தால் மேலே சாந்து போட்டுச் சாய்வெடுக்கச் சொல்லுங்கள்.

3. மூலை கூராக இருக்கக் கூடாது. சிலாப்பும் சுவரும் சேரும் இடத்தில் இரண்டு அங்குல உயரத்துக்குச் சாய்வாகச் சாந்து வைத்து மூலையை உடைக்க வேண்டும். சட்டென்று மடியும் படலம் மடிப்பில் கிழியும். சரிவாக ஏறினால் கிழியாது.

4. கீழ்ப்போர்வை சுவரில் ஆறு அங்குலத்துக்குக் குறையாமல் ஏற வேண்டும். எட்டு அங்குலம் என்றால் இன்னும் நல்லது. இந்த ஆறு அங்குலம் வேலை முடிந்த தரையிலிருந்து அளப்பது. பின்னால் மாபிளோ சாந்தோ போடப் போகிறீர்களானால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பூச்சாக இருந்தால் மூலையில் கண்ணாடி நார் வலையைப் பதித்து, முதற்பூச்சு ஒரு திசையிலும், அது காய்ந்த பின் இரண்டாம் பூச்சு அதற்குக் குறுக்காகவும் பூச வேண்டும். தார்ப் படலமாக இருந்தால் ஒரு துண்டு அடுத்ததன் மீது நான்கு அங்குலம் ஏறியிருக்க வேண்டும்.

5. சுவரில் வெட்டும் காடி ஓர் அங்குல ஆழமாவது இருக்க வேண்டும். தகட்டின் மேல்விளிம்பை மடித்து அதற்குள் செலுத்தி, ஒன்றரை அடிக்கு ஓர் இடத்தில் இறுக்க வேண்டும். சுவரின் மேல் தகட்டைச் சும்மா சாத்தி வைத்து ஆணியடித்து, மேல்விளிம்பில் சிலிக்கன் இழுத்துவிடுவது பிளாஷிங் ஆகாது. சிலிக்கன் விட்டுப்போன நாளில் சுவரால் வழியும் தண்ணீர் முழுவதும் தகட்டின் பின்னால் இறங்கும்.

6. தகடு கீழ்ப்போர்வையின் விளிம்பை மூன்று அங்குலமாவது மூடித் தொங்க வேண்டும். தகட்டின் கீழ்விளிம்பு சிறிது வெளியே வளைந்திருந்தால் தண்ணீர் எட்டி விழும். துண்டுகள் ஒன்றின் மீது ஒன்று நான்கு அங்குலம் ஏறட்டும். தண்ணீர் ஓடும் திசையில் மேட்டுப் பக்கத் துண்டு பள்ளத்துப் பக்கத் துண்டை மூட வேண்டும். கிடுகை நினைத்தால் இது மறக்காது.

7. காடியை அடைக்க இளகும் தன்மையுள்ள சீலன்ட் வேண்டும். சீமெந்தால் அடைத்தால் தகடு விரியும்போது அது உதிர்ந்துவிடும். பத்தடி அலுமினியத் தகடு வெயிலில் 40 பாகை சூடேறினால் மூன்று மில்லிமீற்றர் வரை நீளும். இன்னொரு காரணமும் உண்டு. ஈரச் சீமெந்து அலுமினியத்தையும் நாகம் பூசிய தகரத்தையும் அரிக்கும். சாந்து படுமிடத்தில் தகட்டுக்குத் தார்ப் பூச்சு ஒன்று கொடுத்துவிடச் சொல்லுங்கள். கடலோர வீடுகளில் சாதாரண ஆணி சீக்கிரம் துருப்பிடித்துவிடும். துருப்பிடிக்காத எஃகு ஸ்குரூவும் இறப்பர் வாசருமே நல்லவை.

இனிமேல்தான் சிலாப் போடப் போகிறோம் என்பவர்களுக்கு ஒரு சிறப்பான யோசனை. சிலாப்புக்குக் கொங்கிறீட் போடும் அன்றே, அரைச்சுவர் வரும் ஓரம் முழுவதும் ஆறு அங்குல உயரத்துக்குக் கொங்கிறீட் வரம்பொன்றையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். அதன் மேல் கல்லைக் கட்டலாம். சிலாப்பும் வரம்பும் ஒரே வார்ப்பாக இருப்பதால், தண்ணீர் நிற்கும் உயரத்தில் மூட்டே இருக்காது. அன்றைக்கு ஆகும் சில பலகைகளின் செலவு, பின்னர் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை.

மறந்து போகும் ஐந்து இடங்கள்

சுவர் மூலையைச் சரியாகச் செய்தவர்களும் கோட்டை விடும் இடங்கள் ஐந்து இருக்கின்றன.

முதலாவது, அரைச்சுவரின் தலை. அது மட்டமாக இருந்தால் அதன் வெடிப்பால் இறங்கும் தண்ணீர் பிளாஷிங்குக்குப் பின்னாலேயே வந்துவிடும். சுவரின் தலை சிலாப் பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். சுவரைவிட ஓர் அங்குலம் வெளியே நீட்டி, அடியில் ஒரு சிறு கோடும் வெட்டிவிட்டால், தண்ணீர் அந்தக் கோட்டில் நின்று சொட்டிவிடும். சுவரைப் பற்றி இறங்காது.

இரண்டாவது, குழாய்கள். தாங்கிக்குப் போகும் பி.வி.சி. குழாயும், மலசலகூடக் காற்றுக் குழாயும் சிலாப்பைத் துளைத்துக்கொண்டு வருகின்றன. அவற்றைச் சுற்றி ஆறு அங்குலம் உயரும் கழுத்துப்பட்டி வேண்டும். பூச்சு அந்தப் பட்டியின் மீது ஏற வேண்டும்.

மூன்றாவது, படிக்கட்டுக் கதவு. கதவு நிலையின் அடி சிலாப்போடு மட்டமாக இருந்தால் காற்று மழைக்குத் தண்ணீர் படியால் இறங்கும். ஆறு அங்குல நிலைப்படி அவசியம்.

நான்காவது, தண்ணீர் போகும் வாய். ஒரு வாய் போதாது. இலை அடைத்துவிட்டால் சிலாப் குளமாகிவிடும். குறைந்தது இரண்டு வாய்களும், அவை அடைபட்டால் வெளியேற அரைச்சுவரில் சற்று உயரத்தில் ஒரு துளையும் வேண்டும். அந்தத் துளையால் தண்ணீர் கொட்டினால், வாய் அடைபட்டிருக்கிறது என்று உங்களுக்கு அறிவித்தல் தருகிறது என்று பொருள்.

ஐந்தாவது, நீட்டி விட்ட தூண் கம்பிகள். மேல்வீட்டுக்கென்று பிள்ளைகளை நினைத்து நாம் விட்டுவைக்கும் இந்தக் கம்பிகள்தான் பல வீடுகளில் தண்ணீருக்கு வழிகாட்டுகின்றன. கம்பியைப் பற்றிக்கொண்டு இறங்கும் மழைநீர் தூணுக்குள்ளேயே போகிறது. பொலித்தீன் பையைக் கட்டிவிடுவது பாதுகாப்பல்ல. உள்ளே ஈரம் தங்கித் துரு வேகமாகப் பிடிக்கும். கம்பிகளுக்குச் சீமெந்துக் குழம்பு பூசி, சுற்றிப் பெட்டியடித்து, பின்னால் உடைக்கக்கூடிய மெலிந்த கலவையில் கொங்கிறீட் போட்டு முழுவதும் மூடிவிட வேண்டும். அதன் தலை சாய்வாக இருக்கட்டும். அடியில் சுவருக்குச் செய்தது போலவே மூலைச் சாந்தும் ஆறு அங்குலப் பூச்சும் வேண்டும். மேல்வீடு கட்டும் நாளில் அதை உடைத்தால் கம்பி புதிதாகக் கிடைக்கும்.

அயல் வீட்டுச் சுவர்

நம் ஊர்களில் பல வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. நமது சிலாப் அயல் வீட்டின் உயர்ந்த சுவரில் முட்டும்போது, அந்த மூலைக்கு வைக்கும் தகட்டின் காடியை அவர்களின் சுவரில்தான் வெட்ட வேண்டியிருக்கும். இது பல குடும்பங்களில் மனஸ்தாபமாக முடிந்திருக்கிறது.

அயலவர் தன் சுவரில் மரக்கட்டையைப் பதிக்க வந்தால் அதைத் தடுக்க வேண்டாமென்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. சுவரின் உரிமையாளருக்கு இது ஒரு நினைவூட்டல். கேட்டுப் போகும் நமக்கோ வேறொரு கடமை இருக்கிறது. காடி வெட்டும் முன்பு ஸலாம் சொல்லிப் போய் அனுமதி கேட்பதும், வெட்டிய இடத்தைப் பூசி வெள்ளையடித்துக் கொடுப்பதும், நமது கூரைத் தண்ணீர் அவர்கள் வளவில் விழாதபடி பீலியைத் திருப்புவதும் நம் பொறுப்பு. ஒரு தட்டு வட்டிலப்பத்தோடு போனால் வேலை இன்னும் இலேசாகும்!

தட்டைக் கூரை நமக்குப் புதியதல்ல. புனித கஃபாவின் கூரையே தட்டையானதுதான். அதில் விழும் மழைநீர் 'மீஸாப்' என்னும் பீலி வழியாக ஹிஜ்ர் இஸ்மாயில் பக்கமாகவே இறங்குகிறது. கூரையில் விழும் தண்ணீருக்கு நாம்தான் வழியைக் குறித்துக் கொடுக்க வேண்டும். குறிக்காவிட்டால் அது தானாக ஒரு வழியைத் தேடிக்கொள்ளும்.

கடைசிக் கூலியைக் கொடுக்கும் முன்பு

வேலை முடிந்தது என்றதும் முழுக் கூலியையும் கொடுத்துவிடாதீர்கள். ஒரு பங்கைச் சோதனைக்குப் பின் தருவதாக ஆரம்பத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். பேச்சை இடையில் மாற்றுவது மேசனுக்குச் செய்யும் அநீதி.

சோதனை இதுதான். தண்ணீர் போகும் வாய்களைத் துணியால் அடைத்து, சிலாப்பில் ஓர் அங்குலம் தொடக்கம் இரண்டு அங்குலம் வரை தண்ணீர் விட்டு, 24 மணித்தியாலம் வையுங்கள். அதற்குமேல் நிரப்ப வேண்டாம். 1000 சதுர அடியில் இரண்டு அங்குலத் தண்ணீரே நான்கரைத் தொன்னுக்கு மேல் பாரம். கொங்கிறீட் பெயர்ந்த, கம்பி தெரியும் பழைய சிலாப்பாக இருந்தால் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. முதலில் ஒரு பொறியியலாளருக்குக் காட்டுங்கள்.

சுவர்ப் பிளாஷிங்கைச் சோதிக்க ஹோஸ் குழாய் போதும். கீழிருந்து மேலாகப் போக வேண்டும். முதலில் சிலாப்பின் மூலையில் கால் மணி நேரம், பின்பு தகட்டின் மேல், கடைசியாகச் சுவரின் தலையில். ஒருவர் கீழே அறையில் நின்று பார்க்கட்டும். எந்தக் கட்டத்தில் ஈரம் தெரிகிறதோ அந்த இடத்தில்தான் பிழை.

வருடத்துக்கு இரண்டு நாள்

பிளாஷிங்கை ஒருமுறை வைத்துவிட்டால் ஆயுள் முழுவதும் இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். தகடு நீண்ட காலம் நிற்கும். சீலன்ட் வெயிலில் காய்ந்து வெடிக்கும். ஆகவே வருடத்தில் இரண்டு நாளை ஒதுக்குங்கள். கிழக்கிலும் வடக்கிலும் உள்ளவர்கள் மாரிக்கு முன்பு செப்டெம்பரிலும், மழை ஓய்ந்தபின் பெப்ரவரியிலும் பார்க்கலாம். கொழும்பு, பேருவளை, காலிப் பக்கத்தில் உள்ளவர்கள் தென்மேற்குப் பருவ மழைக்கு முன்பு ஏப்ரலில் பார்ப்பது நல்லது.

அன்று செய்ய வேண்டியவை இவை: தண்ணீர் வாயில் உள்ள இலை, மணல் எல்லாவற்றையும் அள்ளுங்கள். சீலன்ட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். இறப்பர்போல் அமுங்கினால் நல்லது, பொருக்குப்போல் உதிர்ந்தால் பழையதை முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். பழையதன் மேல் புதியதை இழுத்தால் ஒட்டாது. மூலையிலே ஆலங்கன்றோ அரசங்கன்றோ முளைத்திருந்தால் சிறியதாக இருக்கும்போதே வேரோடு எடுங்கள். மூலையை விரல் மூட்டால் தட்டிப் பாருங்கள். வெறும் பெட்டிச் சத்தம் கேட்டால் பூச்சு கழன்றிருக்கிறது.

வீட்டில் உள்ளவர்களுக்கும் சில கட்டுப்பாடுகள் வேண்டும். உடுப்புக்கொடி கட்டப் பிளாஷிங் தகட்டில் ஆணி அடிக்கக் கூடாது. டிஷ் அன்டெனா பூட்ட வருபவர் சிலாப்பைத் துளைக்க முன்பு உங்களிடம் கேட்கட்டும். சுவரில் பூட்டுவதே நல்லது. மிளகாய் காயவைக்கும்போது இரும்புத் தட்டுகளை இழுக்காமல் தூக்கி வையுங்கள்.

தேங்கி நிற்கும் தண்ணீரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சாதகமான வெப்பத்தில் டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து முழு நுளம்பாவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை போதும். 2017ஆம் ஆண்டு இலங்கையில் ஒரு இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்குச் சந்தேக நோயாளிகளாகப் பதிவானார்கள். வீட்டுவளவில் நுளம்பு பெருக இடமளிப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமும்கூட. யாருமே ஏறிப் பார்க்காத சிலாப்பும் பீலியும் நுளம்புக்கு நல்ல வீடு.

ஓர் எச்சரிக்கை. மழை பெய்யும்போதோ, பாசி பிடித்த ஈரச் சிலாப்பிலோ ஏறாதீர்கள். அரைச்சுவர் இல்லாத ஓரத்தில் நின்று குனிய வேண்டாம். தகட்டு விளிம்பு கையைக் கிழிக்கும், தடித்த கையுறை போடுங்கள். முடியாத வேலையை மேசனிடம் விடுங்கள். பார்த்து, குறித்து, கேட்பதுதான் உங்கள் வேலை.

முடிவாக

அந்த ராத்தாவின் வீட்டுக்கு வருவோம். மூத்த மேசன் நான்கு ஓரங்களுக்கும் பிளாஷிங் வைத்தார். ஒழுக்கு நின்றது. ஆனால் கம்பிகளை உடைத்துப் பார்த்தபோது இரண்டு தூண்களின் கம்பி பாதியாக மெலிந்திருந்தது. பொறியியலாளரின் ஆலோசனைப்படி நல்ல இரும்பு வரும் வரை உடைத்து, புதிய கம்பி சேர்த்துத் தூணைத் திருத்த வேண்டியதாயிற்று. மேல்வீட்டுக்கென்று சேர்த்த பணத்தில் ஒரு பங்கு அதிலேயே போனது. இளைய மகளின் கல்யாணம் ஒரு வருடம் தள்ளிப் போனது.

சென்ற மாரியில் நான் அங்கே போயிருந்தேன். மேல்வீடு எழும்பி, இளைய மகள் குடிவந்துவிட்டாள். அந்த வீட்டுக்கும் மேலே ஒரு சிலாப் இருக்கிறது. ராத்தா கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். ஓரம் முழுவதும் கொங்கிறீட் வரம்பு, அதன் மேல் நேர்த்தியாகத் தகடு, இரண்டு தண்ணீர் வாய், உயரத்தில் ஒரு துளை.

"இந்த முறை நான் கேட்டுக் கேட்டுத்தான் செய்வித்தேன்" என்றார்.

வீடு அல்லாஹ் நமக்குத் தந்த அமானிதம். அதில் உறங்கும் பிள்ளைகளும் அமானிதம். அடுத்த மழைக்கு முன்பு ஒருநாள் அஸருக்குப் பின், வெயில் தாழ்ந்த வேளையில் மேலே ஏறி அந்த மூலைகளைப் பாருங்கள். மேசன் வந்தால், "பிளாஷிங் எப்படி வைக்கப் போறீங்க, காக்கா?" என்று முதலிலேயே கேளுங்கள். இன்ஷா அல்லாஹ், மழை இரவுகளில் நிம்மதியாக உறங்குவீர்கள்.